மாரியப்பன் பெயரில் வந்த அட்டை

மருந்துக் கவுண்டரில் புதிதாக நிற்கப்போகும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். மருந்து அடுக்குவதும், பில் போடுவதும், காலாவதித் தேதி பார்ப்பதும் உங்களுக்கே தெரியும். கம்ப்யூட்டர் சங்கதியில் நீங்கள்தான் எனக்கு வாத்தியார்கள். ஆகவே எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றை எழுதுகிறேன். அது நான் செய்த தப்பு. கம்பத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மருந்துக்கடையில் முப்பத்தோரு வருடம் நின்றவள் நான். எனக்கு வாய் நீளம் என்று பெயர். அந்த வாய் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் மூடிக்கொண்டு இருந்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் என் திமிரைச் சொல்லிவிடவேண்டும். மெட்டோப்ரோலால் மாத்திரையை நீங்கள் முதல் நாளே கையில் எடுத்துக் கொடுக்கவேண்டிவரும். நெஞ்சுப் படபடப்பு, பிரஷர், நெஞ்சுவலி என்று வருகிறவர்களில் நிறையப் பேர் போடுகிற மாத்திரை. துடிப்பை நிதானப்படுத்தும். வேலை முடிந்ததும் அதை உடைத்து வெளியே அனுப்புவது ஈரலில் இருக்கும் ஒரு நொதி. இந்த நொதி எல்லா உடம்பிலும் ஒரே வேகத்தில் வேலை செய்யாது. சிலருக்குப் பிறவியிலேயே மந்தம். அவர்கள் ஒன்று போட்டால் உள்ளே மூன்று நான்கு போட்ட மாதிரி தேங்கி நிற்கும்.

பழனிசெட்டிபட்டியிலிருந்து ஒரு கணக்கு வாத்தியார் வருவார். ஐம்பது மில்லிகிராம் ஆரம்பித்த ஒரே வாரத்தில் மாடிப்படி ஏற முடியவில்லை என்று வந்து நின்றார். “எல்லாரும் போடுற மாத்திரைதானே சார்” என்றார் டாக்டர். நான் சும்மா இருக்காமல், “கூடப்பொறந்தவங்க யாராச்சும் இதைப் போடுறாங்களா?” என்று கேட்டுவைத்தேன். அவருடைய அண்ணன் இதே மாத்திரையில் தலைசுற்றி விழுந்து, நிறுத்தியவராம். டாக்டர் வேறு மாத்திரைக்கு மாற்றினார். வாத்தியார் தேறிவிட்டார். அப்புறம் ஆறு மாதத்துக்கு என்னைப் பார்க்கும்போதெல்லாம் கும்பிடு. எனக்குத் தலைகால் புரியவில்லை. உடம்பு மருந்தை எப்படி உடைக்கும் என்பதில் இந்தப் பள்ளத்தாக்கில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது ஜீப் டப்பாவைச் சொல்கிறேன். கம்பத்திலிருந்து தினமும் விடியும் முன்னால் ஜீப்புகள் மலையேறுவது உங்களுக்குத் தெரிந்ததுதான். கேரளாப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்கள், பொழுது சாய இறங்குவார்கள். டாக்டரைப் பார்க்க அவர்களுக்கு நேரம் ஏது? தீர்ந்துபோன மாத்திரை அட்டையை ஒரு தாளில் சுற்றி, மேலே பெயர் எழுதி ஜீப் டிரைவரிடம் கொடுத்துவிடுவார்கள். அவர் போகிற போக்கில் எங்கள் கடைவாசலில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவிட்டுப் போவார். நாங்கள் அதே மாத்திரையைக் கவரில் போட்டுப் பெயர் எழுதி வைப்போம். சாயங்காலம் அவரே எடுத்துப் போவார். பழைய நோயாளிகளின் மாத மாத்திரைக்கு மட்டும்தான் இந்த டப்பா என்று பெரிய டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனால் டப்பாவில் எல்லா அட்டையும் வரும். நாங்களும் கொடுப்போம். உண்மையைச் சொன்னால், நான் கொடுப்பேன்.

இந்த ஜீப் டிரைவர்களில் ஒருவர் சுருளிவேல். தினமும் எல்லை தாண்டிப் போய்வருவதால் என்னைச் ‘சேச்சி’ என்றுதான் கூப்பிடுவார். அவர் ஜீப்பில் போகிறவள் பவுன்தாயி. ஐம்பத்து நான்கு வயது. இரண்டு வருடமாக மெட்டோப்ரோலால் ஐம்பது, காலையில் ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் வந்து பெரிய டாக்டரிடம் காட்டுவாள். மற்ற மாதங்களில் அவளுடைய காலி அட்டை டப்பாவில் வரும். ஒரு வேளைகூடத் தவறவிடாத ஆள்.

அந்த வருடம் மழை விட்டபாடில்லை. ஒருநாள் பவுன்தாயியின் தாளுக்குள் இரண்டு அட்டைகள் இருந்தன. ஒன்று வழக்கமான நெஞ்சு மாத்திரை. இன்னொன்று டெர்பினாஃபின். படர்தாமரைக்கு உள்ளுக்குச் சாப்பிடுகிற மாத்திரை. அதன்மேல் ‘மாரியப்பன்’ என்று எழுதியிருந்தது. புருஷனாக இருக்கும், ஈரத்தில் நின்று படை பிடித்திருக்கும் என்று நினைத்தேன். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மாத்திரை அது. பதினான்கு எண்ணி, கவரில் ‘மாரியப்பன்’ என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். இரண்டரை வாரம் கழித்து மறுபடியும் காலி அட்டை வந்தது. மறுபடியும் பதினான்கு.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். காலைப் பூசைக்குப் போய்விட்டு நேராகக் கடைக்கு வந்திருந்தேன். பதினொரு மணி இருக்கும். சுருளிவேலின் ஜீப் வந்து நின்றது. பின்சீட்டில் பவுன்தாயி மகன்மேல் சாய்ந்து கிடந்தாள். வீட்டுக் குழாயடியில் குடத்தோடு விழுந்துவிட்டாளாம். மகன் ஈஸ்வரன், திராட்சைத் தோட்டங்களில் பூச்சிமருந்து அடிக்கப் போகிறவன். உள்ளே டியூட்டி டாக்டர் மட்டும்தான் இருந்தார், சின்ன வயது. நாடி முப்பத்தாறு. பிரஷர் தரையில் கிடந்தது. இசிஜி எடுத்தார்கள். மாரடைப்பு இல்லை, துடிப்பு மட்டும் ஆமைவேகம். மகன் என்ன தொழில் என்று தெரிந்ததும் டாக்டர் முதலில் பூச்சிமருந்தைச் சந்தேகப்பட்டார். வாடை இல்லை, கண்பாவை சரியாக இருந்தது. அடுத்து, நெஞ்சு மாத்திரையை மொத்தமாக விழுங்கியிருப்பாளோ என்று சந்தேகம் வந்தது.

நான் ஊசிமருந்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனபோது ஈஸ்வரன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

“நேத்து வீட்டுல ஒரு சண்ட சார். ஆத்தாவுக்கும் எம்பொண்டாட்டிக்கும். ராவுல ஆத்தா சாப்புடவே இல்ல.”

“எத்தனை மாத்திரை போட்டீங்கம்மா?” என்று டாக்டர் குனிந்து கேட்டார்.

“ஒண்ணுதேன்யா. எப்பயும் போல காலையில ஒண்ணு.”

“பொய் சொல்லாத ஆத்தா!” என்று மகன் கத்தினான்.

அவன் கொண்டுவந்த கவரைப் பார்த்தேன். என் எழுத்து, என் தேதி. கொடுத்துப் பன்னிரண்டு நாள். பன்னிரண்டு குழி காலி, பதினெட்டு மாத்திரை பாக்கி. டாக்டரிடம் சொன்னேன்.

“முன்னாடி வாங்கினதை மிச்சம் பிடிச்சு வச்சிருக்கலாமே அக்கா?”

“அது முடியாது டாக்டர். காலி அட்டை வந்தாத்தான் நான் அடுத்தது கொடுப்பேன். எல்லாக் காலி அட்டையும் எங்கிட்டதான் இருக்கு.”

“வேற கடை இருக்குல்ல? ஒரே ஒரு மாத்திரைக்கு இப்படி ஆகாதுக்கா” என்றவர், போலீசுக்குத் தகவல் எழுதும் தாளை எடுத்து முன்னால் வைத்தார். நர்ஸிடம் மதுரைக்கு ஆம்புலன்ஸ் சொல்லச் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் யாரும் அதைத்தான் செய்வார்கள்.

ஒரு மாத்திரைக்கு ஆகாது என்ற பேச்சு என்னைப் பிடித்துக்கொண்டது. ஆகும். உடம்பு உடைக்காவிட்டால் ஆகும். ஆனால் இவளுக்குப் பிறவிக் குறை இருந்தால் இரண்டு வருடம் முன்னாலேயே விழுந்திருக்கவேண்டும். இப்போதுதான் ஏதோ புதிதாக உள்ளே போயிருக்கிறது. “வேற எதாச்சும் மாத்திரை சாப்பிட்டியா பவுனு?” என்றேன். “வேற ஒண்ணுமில்ல” என்றாள். அப்போதுதான் அந்த இன்னொரு கவர் ஞாபகம் வந்தது. யோசிக்காமல் மகனிடம் திரும்பினேன்.

“ஏம்ப்பா, உங்க அப்பாவுக்கு அந்தப் படை சரியாப் போச்சா?”

அவன் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

“அப்பா செத்து நாலு வருசமாச்சு.”

கட்டிலில் பவுன்தாயி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். மாதாவே! யார் விழுங்கியது என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. “வேற யாரோன்னு நெனச்சுட்டேன்” என்று முணுமுணுத்துவிட்டுக் கடைக்குத் திரும்பிவிட்டேன்.

பிள்ளைகளே, இந்த இடத்தை மறைக்க எனக்கு ஆசைதான். ஆனால் மறைத்தால் எழுதுவதில் அர்த்தமில்லை. நான் கடைக்குள் நின்று, டப்பாவுக்குக் கொடுத்ததைக் குறித்துவைக்கும் நோட்டைப் புரட்டினேன். கடைசியாக டெர்பினாஃபின் கொடுத்தது இருபத்து நான்கு நாளுக்கு முன்னால். பதினான்கு நாள் போட்டிருந்தால் முடிந்து பத்து நாள் ஆகிவிட்டது. ‘நின்றுபோன மாத்திரை இப்போது என்ன செய்யும்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். படித்திருக்கிறேன். மெட்டோப்ரோலாலை உடைக்கிற அதே நொதியைத்தான் அந்தப் படை மாத்திரை முடக்கிப்போடும். நிறுத்தின பிறகும் வாரக்கணக்கில் உடம்பில் தங்கும். தெரிந்தேதான் நின்றேன். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது. சீட்டில்லாமல் கொடுத்தாய் என்று பெரிய டாக்டர் கேட்டால் என்ன சொல்வது? வாத்தியாரிடம் கும்பிடு வாங்கிய முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

மதுரைக்கு அனுப்பினால் அங்கே பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு நினைப்பு. அங்கேயும் அவள் வேறு மாத்திரை இல்லை என்றுதான் சொல்வாள். பேஸ்மேக்கர் வைக்கலாம் என்பார்கள். இல்லாவிட்டால் தேறியதும் இதே மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்புவார்கள். அடுத்தமுறை குழாயடியில் விழுவாளோ, தோட்டத்துச் சரிவில் விழுவாளோ. இதெல்லாம் எனக்குத் தெரியும். இருந்தும் நின்றேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஈஸ்வரன் குரல் கேட்டது. “போலீசு வீட்டுக்கு வந்து எம்பொண்டாட்டியக் கேப்பாக. எங்கள நாறடிக்கணும்னுதான இப்பிடிப் பண்ணுன?” பவுன்தாயி குரல் எழும்பவே இல்லை. நான் எட்டிப் பார்த்தபோது அவள் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தாள். ஒரு வேளை மாத்திரைகூடத் தவறவிடாதவள், ஒன்று மட்டுமே போட்டவள். அவள் பேச்சை நம்ப அந்த அறையில் ஆளில்லை. நம்பிய ஒருத்தியும் பக்கத்துக் கடையில் நோட்டைப் புரட்டிக்கொண்டு நிற்கிறாள். எனக்கு என்மேல் வந்த அருவருப்பு கொஞ்சநஞ்சமில்லை. நோட்டோடு உள்ளே போனேன்.

“ஈஸ்வரா, வெளிய நில்லு. பொம்பளைக சமாச்சாரம்” என்று அவனை அனுப்பிவிட்டு அவள் காதருகே குனிந்தேன்.

“மாரியப்பன் பேர்ல வாங்கினது நீதானே?”

“ஆமா.”

“எங்க படை?”

“தொடையில. இடுப்புக் கட்டுலயும். நாளெல்லாம் ஈரச்சீலையோட நிக்கோம், எல்லாத்துக்கும் இருக்கு. கூட வேல பாக்குறவ, இது நல்லாக் கேக்குதுன்னு அவ காலி அட்டையக் குடுத்தா.”

“உன் பேர்ல அனுப்புறதுக்கு என்ன?”

“பொம்பளப் பேருன்னா எங்கன படைன்னு கேப்பீக. சுருளி தாளப் பிரிச்சாலும் பிரிப்பாரு. ஆம்பளப் பேருன்னா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டீகள்ல? அதேன் செத்தவுக பேரப் போட்டேன்.”

அவள் சொன்னது சரிதான். நான் ஒன்றும் கேட்கவில்லையே!

“டாக்டர் கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?”

“அதேன் முடிஞ்சு பத்து நாளாச்சே. தோலுக்குப் போட்டதுக்கும் நெஞ்சுக்கும் என்னா?” என்றாள். அப்புறம், “மூணு வாரமா ஏத்தம் ஏற முடியல. வயசாயிப்போச்சுன்னு இருந்தேன். எம்மவன்ட்ட இதச் சொல்லிராதீக” என்று என் கையைப் பிடித்தாள். அவள் கை ஐஸாக இருந்தது. சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

டாக்டரிடம் போய் நோட்டை விரித்து வைத்தேன். “இந்த மாத்திரையைச் சீட்டில்லாம கொடுத்தது நான். சாப்பிட்டது இந்தம்மா. மெட்டோப்ரோலால் உடையாம தேங்கியிருக்கு” என்றேன். அவர் போனை எடுத்துத் தேடிப் படித்தார். ஒருமுறை படித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

“ஆமாக்கா” என்றார். போலீஸ் தாளை மடித்து ஓரமாக வைத்தார். பெரிய டாக்டருக்குப் போன் போட்டார். மெட்டோப்ரோலாலை உடனே நிறுத்துவது, மானிட்டரில் வைத்து ரத்தப் பரிசோதனை பார்ப்பது, நான்கு மணிக்குள் துடிப்பு ஏறவில்லை என்றால் மதுரை, அதுவரை ஆம்புலன்ஸ் வாசலிலேயே நிற்கட்டும் என்று முடிவானது. நான் சொன்னதை மட்டும் நம்பி அவர் மற்ற வழிகளை அடைக்கவில்லை. அந்தச் சின்ன வயதிலேயே அவருக்கு இருந்த நிதானம் எனக்கு இல்லை.

அடுத்து மகன். அவளுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது. அவன் மனசில் இருப்பதையும் எடுக்கவேண்டும். வராந்தாவில் அவனிடம் சொன்னேன்.

“உங்க ஆத்தா ஒரு மாத்திரைகூட அதிகமாப் போடல. நான் எண்ணிட்டேன். எங்க கடையில கொடுத்த வேறொரு மாத்திரையும் நெஞ்சு மாத்திரையும் உள்ள ஒத்துக்கல. கொடுத்தது நான். தப்பு என்னுது.”

அவன் பேசினான் பாருங்கள்! நான் முப்பத்தோரு வருடத்தில் கேட்காத பேச்செல்லாம் கேட்டேன். “கொல்லப் பாத்துட்டு இங்கன வந்து தப்புன்னு சொல்லுறியா?” என்று கையை ஓங்கிவிட்டான். சுருளிவேல் குறுக்கே விழுந்து பிடித்தார். “ஏலே, விடுறா! சேச்சி வாயத் தெறந்தது கொண்டுதான் ஆத்தா பொழச்சுச்சு.” அது உண்மையில்லை. வாயைத் திறக்கப் பத்து நிமிடம் ஆனதை அவர் அறியமாட்டார். நான் வாங்கிக்கட்டிக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது, அழுதேன்.

மூன்று மணிக்கு நாடி நாற்பத்து இரண்டு. நான்கு மணிக்கு நாற்பத்தாறு. ஆம்புலன்ஸை அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை ஐம்பதைத் தாண்டியது. மூன்றாம் நாள் அறுபத்து நான்கு. அன்று நான் போனபோது ஈஸ்வரன் தாயின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டான். இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

“என்னாதேன் ஆச்சு எனக்குள்ள?” என்று கேட்டாள் பவுன்தாயி. ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரை வைத்துச் சொன்னேன். பச்சைக்காய் தினமும் வந்து இறங்குகிறது, காயவைக்கும் அறை ஒன்றுதான். அந்த அறையில் வேறு சரக்கை அடைத்துப் பூட்டிவிட்டால் என்ன ஆகும்?

“காயி வாசல்ல குமிஞ்சு போகும்” என்றாள். “அப்ப நான் ஒண்ணு போட்டாலும் உள்ள நாலு கெடந்துருக்கு. நான் பொய் சொல்லல” என்றாள்.

“நீ சொல்லல பவுனு. நான்தான் சொல்லவேண்டியதை நேரத்தில் சொல்லல” என்றேன்.

பெரிய டாக்டர் என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அரைமணி நேரம் நிற்கவைத்துத் திட்டினார். ஜீப் டப்பாவைத் தூக்கிக் குப்பையில் போட்டார். ஒரே மாதத்தில் பிரஷர் மாத்திரை நின்றுபோய் இரண்டு பெண்கள் வந்து படுத்தார்கள். அதன்பிறகு நான்தான் கெஞ்சி டப்பாவைத் திரும்ப வாங்கினேன். ஒரு நிபந்தனை: ஏற்கெனவே டாக்டர் எழுதிய மாத்திரை மட்டும்தான், விழுங்குகிறவர் யார், வேறு என்ன சாப்பிடுகிறார் என்று தாளில் எழுதவேண்டும். ஆனாலும் படைக்கான அட்டைகள் வந்துகொண்டுதான் இருந்தன. எல்லாம் ஆம்பளைப் பெயர்கள்! துபாயில் இருக்கும் மகன் பெயர், வருசநாட்டில் இருக்கும் மச்சான் பெயர்.

ஒருநாள் விடிகாலையில் ஜீப் கிளம்பும் இடத்துக்கே போனேன். “எல்லாரும் கேளுங்கடி. மாரியப்பனும் வேண்டாம், முனியப்பனும் வேண்டாம். எவ விழுங்குறாளோ அவ பேரை எழுதுங்க. நான் சிரிச்சா எம் பல்லை உடைங்க” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பவுன்தாயி மட்டும் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முனியப்பனைச் சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். மாரியப்பனைச் சொல்லியிருக்கக் கூடாது. என் வாயை நொந்துகொண்டே திரும்பினேன்.

நான்கைந்து மாதம் போனது. மறுபடி மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலை டப்பாவில் மடித்த தாள் ஒன்று கிடந்தது. பிரித்தேன். உள்ளே காலி அட்டை இல்லை. தாள் மட்டும்தான். கோணல் மாணலாக எழுதியிருந்தது:

‘பவுன்தாயி. படை திரும்ப வந்துருக்கு. எனக்குத்தேன். நெஞ்சு மாத்திரை இப்ப மாத்திக் குடுத்தது சாப்புடுறேன். எது ஒத்துக்கும்னு கேட்டுச் சொல்லுங்க.’

அதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. அன்று அவளுக்காக நான் எந்தக் கவரையும் எடுக்கவில்லை. தாளைக் கொண்டுபோய் டாக்டர் மேசையில் வைத்தேன். “ஆளை நேரில் பார்க்கணும்” என்றார். சாயங்காலம் ஜீப் வந்து நின்றதும் கவுண்டரைவிட்டு இறங்கி ஓடினேன்.

“சுருளி, பவுன்தாயியைக் கொஞ்சம் எறங்கச் சொல்லுங்க.”

“நான் எதுக்குச் சேச்சி சொல்லணும்?” என்று அவர் பின்னால் கையைக் காட்டினார்.

ஜீப்புக்குப் பின்னால், ஈரச்சேலையோடு, அவள் ஏற்கெனவே இறங்கி நின்றுகொண்டிருந்தாள்.